சின்னையன் ஆதரிக்கிறார்

போன வாரம் நாம் விட்டுவந்த இடத்திலேயேதான் சுராயா நின்றுகொண்டிருந்தாள். பனஞ்சேரி பள்ளிவாசல் தெருவில், இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டிய அதே வாடகை வீட்டின் அதே சமையலறையில்.

வீட்டுக்காரர் பார்த்தசாரதி சொன்னால் சொன்னதுதான். கேளம்பாக்கம் பக்கம் கம்பெனிப் பையன்கள் சேர்ந்து வந்து குடியிருந்தால் வாடகை இரண்டு மடங்கு. அதைக் குறை சொல்லவும் முடியவில்லை. அவருடைய வீடு அது.

மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த, கோயிலுக்கே சொந்தமான சவுக்குத் தோப்பை நம்பித்தான் சுராயா இருந்தாள். அவள் மகள் ஜன்னா வாடகைதாரர் சங்கத்தின் செயலாளர். சங்கத்துக்கு அந்த நிலத்தை நீண்ட குத்தகைக்குத் தர ஃபாதர் ஏசுதாஸ் தன் மேலிடத்தில் மன்றாடிச் சம்மதம் வாங்கியிருந்தார். வீடு கட்டுவதற்குச் சங்கத்துக்காரர்களின் சேமிப்பு, சாலைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் ஊராட்சி என்று பேச்சு. எல்லாம் கூடி வந்தால் ஹவுஸ்கீப்பிங் வேலைக்காரர்களும் ஆட்டோக்காரர்களும் சுராயாவும் தங்கள் கைக்கு எட்டுகிற விலையில் ஒரு வீட்டுக்குள் நுழையலாம்.

ஃபாதரின் மேலிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தது. ஊர் சம்மதிக்க வேண்டும். கிராம சபையில் தீர்மானம் வேண்டும்.

இன்று மே முதல் தேதி. கிராம சபை நாள்.

இதில் சுராயாவுக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. வீடு தேவைப்படுகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த ஊரில் ஓட்டே கிடையாது. வீடு மாறிக்கொண்டே இருப்பவர்களின் ஓட்டு எங்கே இருக்கும்? அவள் குடும்பத்தின் ஓட்டு இன்னும் சிங்கப்பெருமாள் கோயிலில், எப்போதோ காலி செய்த வீட்டின் முகவரியில் கிடந்தது. ஆக, கை தூக்க வேண்டியவர்கள் எல்லாம் ஏற்கெனவே சொந்த வீடு உள்ளவர்கள். அவர்களைத்தான் ஜன்னா மாதக்கணக்காகச் சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். மீனவர் குப்பத்தில் வலை பின்னுகிற இடத்தில் போய் உட்கார்ந்தாள். மாதா கோயில் கூட்டத்தில் பேசினாள். ஜமாத்தில் பெண்கள் பேசுகிற வழக்கம் இல்லை என்றார்கள். வாசலில் நின்று பேசிவிட்டு வந்தாள்.

சுராயா இடியாப்பத்தைப் பிழிந்துகொண்டிருந்தபோது, அந்த ஜன்னா வாசலில் செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

“போச்சும்மா. எல்லாம் போச்சு.”

“இன்னாடீ போச்சு? காலங்காத்தால?”

“பஸ் ஸ்டாப்ல பேனர் கட்டியிருக்காங்க. ‘நமது ஊர், நமது தண்ணீர், சவுக்குத் தோப்பைக் காப்போம்’னு. ஃபிளாட் அசோசியேஷன் பேனர். கீழ ‘ஆதரவு தெரிவிக்கும் பொதுமக்கள்’னு போட்டு வரிசையா மூஞ்சி. பூரா நம்ம ஊர் ஆளுங்க. குப்பத்து ஆளுங்கம்மா! நேத்துகூட என்கிட்ட நல்லாப் பேசினவங்க.”

“அவங்களா? போய் அந்தப் பக்கம் நிக்கிறாங்களா?”

“நிக்கல. சிரிக்கிறாங்க.”

கூடத்தில் செய்தித்தாள் கொஞ்சம் உயர்ந்தது. அதன் பின்னால் சுபஹான் டீ குடித்துக்கொண்டிருந்தார். இதுவரை மார்புக்கு நேராக இருந்த தாள் இப்போது நெற்றிவரை போய்விட்டது.

சுராயா அதைப் பார்த்தாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவருடைய செய்தித்தாள் எப்போது உயரும், எதற்கு உயரும் என்பது அவளுக்குத் தெரியும்.

“ஏங்க.”

“ம்.”

“அந்த பேனர எங்க அடிச்சாங்களாம்?”

செய்தித்தாள் ஒரு பக்கம் புரண்டது. ஜன்னா மெல்லத் திரும்பினாள். இப்போதுதான் அவளுக்கும் உறைத்தது. பேனரின் இரண்டு மூலையிலும் தோகை விரித்த மயில் இருந்தது. தங்க நிறத்தில் மணி கோத்த பார்டர் இருந்தது. கேளம்பாக்கம் கூட்டுரோட்டில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கும் அவள் அத்தா, காது குத்தானாலும் கண்ணீர் அஞ்சலியானாலும் அந்த மயிலைத்தான் வைப்பார்.

“அத்தா. பேப்பரக் கீழ வைங்க.”

செய்தித்தாள் இறங்கியது.

“வீட்டுக்காரர் கேட்டாரும்மா. அவரு இருக்கறதும் அந்த ஃபிளாட்லதானே. எப்படி முடியாதுன்னு சொல்றது? கெடுவ ரெண்டு மாசம் தள்ளிப் போடறது பத்திப் பேசலாம்னாரு.”

“தள்ளிப் போட்டாரா?”

“பேசலாம்னாரு.”

“பேசினாரா?”

“கூட்டம் முடியட்டும்னாரு.”

ஜன்னா சுவரில் சாய்ந்துகொண்டாள். கத்துவாள் என்று சுராயா எதிர்பார்த்தாள். கத்தவில்லை. அதைத்தான் சுராயாவால் பார்க்க முடியவில்லை.

“குப்பத்து ஆளுங்க எப்போ அங்க போய்ச் சேந்தாங்க அத்தா? அதையாவது சொல்லுங்க. யார் போய் அவங்ககிட்டப் பேசினாங்க?”

சுபஹான் கண்களைச் சிமிட்டினார். “யாரும் பேசல. ஊர்க்காரங்க மூஞ்சி நாலு கீழ போடு பாய்னாரு பார்த்தசாரதி சாரு. போட்டோ குடுங்கன்னேன். ‘அதெல்லாம் நீயே பாத்துப் போடு’ன்னுட்டாரு. நம்ம கம்ப்யூட்டர்லதான் ஊர்ல பாதிப் பேர் படம் கிடக்கே. கல்யாணம், மஞ்சத் தண்ணி, பிறந்த நாள்னு அடிச்சது. பளிச்சுனு இருந்ததா பாத்து எடுத்துப் போட்டேன்.”

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அப்போ அவங்களுக்கு இது தெரியாதா?”

“காலைல பாத்தா தெரிஞ்சிரும்ல.”

ஜன்னாவுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. “ஒருத்தரும் போகலம்மா. ஒருத்தரும் அந்தப் பக்கம் போகல. இவரே வெட்டி வெட்டி ஒட்டியிருக்காரு.”

“யார் யார் படம் போட்டீங்க?” என்றாள் சுராயா.

“பஞ்சாயத்துத் தலைவரம்மா புருசன் மோகன். வலைக்கடை பெஞ்சமின். அப்புறம் நம்ம சின்னையன் அண்ணாத்த. அவரு படம்தான் இருக்கறதுலயே எடுப்பு. வெள்ளச் சட்டை போட்டுகினு, என்னா ஒரு சிரிப்பு!”

சுராயாவின் கையில் இடியாப்ப உரல் அப்படியே நின்றது.

“எந்தச் சின்னையன்?”

“குப்பத்துச் சின்னையன்தான். மீன் விக்கிற கன்னியம்மா புருசன்.”

“அவரு மௌத்தாகி, மண்ணுல வச்சி வருசம் திரும்பப் போவுதேங்க!”

சமையலறையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அடுப்பை யாரும் அணைக்கவில்லை.

“அதானே பாத்தேன்” என்றார் சுபஹான் கடைசியில், மெதுவாக. “பின்னால ஊதுபத்தி மாதிரி ஏதோ இருந்துச்சு. கட் பண்ணிட்டேன்.”

*

சுராயா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கணவரை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்தபோது, வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஜன்னா சங்கத்துக்காரர்களைத் திரட்டப் போயிருந்தாள். சின்னையனை மறைப்பது இவர்கள் பொறுப்பு.

எந்தப் பக்கம் ஜெயிக்கிறது தோற்கிறது என்பதையெல்லாம் அப்போது சுராயா நினைக்கவில்லை. செத்துப்போன புருஷன் பஸ் ஸ்டாப்பில் சிரித்துக்கொண்டு நிற்பதை மீன் கூடையோடு வரும் ஒரு பெண் பார்க்கக்கூடாது. அவ்வளவுதான்.

சுபஹான் டீக்கடை ஸ்டூலில் ஏறினார். கையில் பச்சை நிற ஸ்டிக்கர் தாள்.

“பாய்! அங்க என்ன பண்றீங்க?”

காலை நடையில் வந்துகொண்டிருந்தார் பார்த்தசாரதி. வெள்ளை ஷூ, வெள்ளைத் தொப்பி, கையில் பிஸ்கட் பாக்கெட். தெருநாய்களுக்குத் தினமும் பிஸ்கட் போடுவார். கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

“ஒண்ணுமில்ல சார். சின்னக் கரெக்‌ஷன்.”

“என் பேனர்ல என்ன கரெக்‌ஷன்? முதல்ல கீழ இறங்குங்க.”

“சார், அதுல ஒரு படம்...” என்று சுராயா தொடங்கினாள்.

“உங்க பொண்ணு அனுப்பினாளா?”

“அவ அனுப்பல சார். அந்தப் படத்துல இருக்கறவரு...”

“இங்க பாருங்கம்மா. நானும் சம்பளக்காரன்தான். வேலை பாத்த காலம் முழுக்க குவார்ட்டர்ஸ்ல இருந்தேன். கடைசியா வந்த பணத்துல ஒரு ஃபிளாட், உங்களுக்கு விட்டிருக்கற இந்த வீடு. அவ்வளவுதான் என் சொத்து. கோடை வந்தா எங்க ஃபிளாட்டுக்குத் தண்ணி லாரிதான் கதி. லாரிக்காரன் வரலைன்னா குளிக்கறதில்ல. இன்னும் அத்தனை குடும்பத்த தோப்புல கொண்டுவந்து வச்சா தண்ணிக்கு எங்க போறது? சொல்லுங்க.”

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. சுராயாவுக்கு இன்னும் எரிச்சல் ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம். தண்ணீரைப் பற்றிச் சொல்ல அவளிடமும் பதில் இருந்தது. ஆனால் இப்போது அவள் சொல்ல வந்தது தண்ணீர் இல்லை.

“தண்ணி விசயம் பொண்ணு பேசுவா சார். நான் சொல்ல வந்தது அந்தக் கடைசிப் படம். சின்னையன்னு...”

“எல்லாரையும் கூட்டத்துல பாத்துக்கலாம். மாசக் கடைசி, சாவி. அத மட்டும் மறந்துடாதீங்க.” அவர் தன் குடியிருப்புக் காவலாளியைக் கைதட்டிக் கூப்பிட்டார். “இத அவுத்து எடுத்துட்டு வந்து கூட்டம் நடக்கற எடத்துல கட்டு. இங்கயே விட்டா இவங்க ஏதாவது பண்ணுவாங்க.”

பிஸ்கட்டை ஒரு நாய்க்குப் போட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

சுபஹான் ஸ்டூலிலிருந்து இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டார். “நம்ம சொல்லிட்டோம். அவரு கேக்கல.”

“எங்க சொன்னோம்? ஒரு பேச்ச முடிக்க வுட்டாரா மனுசன்?”

“இன்னிக்கு வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்கு நேரமாவுது. நான் அப்படியே...”

“மணி ஒம்போதுகூட ஆவல. இப்பவே ஜும்மாவா?”

“முன்வரிசையில எடம் கெடைக்காது.”

சுராயா அவரை விட்டுவிட்டுத் தனியாகக் குப்பத்துக்கு நடந்தாள். கன்னியம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம், காலில் விழுந்தாவது சொல்லிவிடலாம் என்று. வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் வலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

“அக்கா அப்பவே கோவளம் பூட்ச்சு. மீனு வித்துட்டு நேரா கூட்டத்துக்கு வந்துரும்.”

*

ஊராட்சிப் பள்ளி மைதானத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். கடல்காற்றுக்கு அது ஒரு பக்கம் எழும்பி எழும்பி விழுந்தது. முன்னால் மேசைக்குப் பின் ஊராட்சித் தலைவர் ஸ்ரீதேவி உட்கார்ந்திருந்தார். அவர் நாற்காலிக்குப் பின்னால் அவர் கணவர் மோகன், மைக்கைத் தன் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தலைவர் பேச வாயெடுக்கும்போதெல்லாம் மோகன் குனிந்து, “நீ இரு” என்பார்.

மோகன் ஏற்கெனவே முறைப்பில் இருந்தார். சங்கத்தின் பேனரில் எவர் முகமும் வேண்டாம், கட்டடத்தின் படம் மட்டும் போதும் என்று ஜன்னா முடிவெடுத்திருந்தாள். அதைப் பார்த்த நாளிலிருந்து அவர் ஃபோனை எடுக்கவில்லை. அவருடைய தெருக்காரர்கள் அவர் கையைப் பார்த்துத்தான் கை தூக்குவார்கள். ஒரு முகத்தைச் சேர்த்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று சுராயா மகளைத் திட்டியும் பார்த்தாள். “அப்புறம் அவர் பக்கத்துல இன்னொருத்தர் மூஞ்சி கேப்பாங்க, அதுல யாரு பெருசுன்னு கேப்பாங்க, வீடு எங்கம்மா தெரியும்?” என்று ஜன்னா கேட்டாள்.

ஓட்டு உள்ளவர்கள் முன்பக்கம். ஓட்டு இல்லாதவர்கள் நடுவில் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம், வேப்பமர நிழலில். சுராயா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சங்கத்துக்காக வந்திருந்த ஷபானாவும் ஹவுஸ்கீப்பிங் பெண்களும் அவளைச் சுற்றி நின்றார்கள். எதிரே, பள்ளிச் சுவரில், மயில்களுக்கு நடுவே அந்த பேனர். கடைசி ஓரத்தில் சின்னையன் ஊருக்கே சிரித்துக்கொண்டிருந்தார்.

ஜன்னா பேசினாள். குழாய்த் தண்ணீர் குடிக்க மட்டும்தான், கூரையில் விழுகிற மழைத் தண்ணீர் பூராவும் தோப்புக் குளத்துக்கே போகும், குளத்தைச் சங்கமே தூர் வாரும் என்றாள்.

“எங்க தண்ணி குளத்துக்குப் போகும் சார். உங்க ஃபிளாட் மாடியில விழற தண்ணி எங்க போகுது?”

கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். “சாக்கடைக்கு!” என்றது ஒரு குரல்.

பார்த்தசாரதி எழுந்தார். நிதானமாகப் பேசத் தெரிந்தவர். ஒரு சந்தேகம் கேட்டார். அதற்குப் பதில் வந்ததும் இன்னொரு சந்தேகம் கேட்டார். அப்புறம் ஒன்று. பள்ளிவாசல் பக்கத்து ஆண்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். பாங்கு சொல்லிவிட்டால் அவர்கள் எழுந்து தொழப் போய்விடுவார்கள், அந்தக் கைகளும் போய்விடும். அவர் அதைத் தெரிந்துதான் செய்கிறாரா, தெரியாமல் செய்கிறாரா என்று சுராயாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. பேசுகிறவரை நிறுத்தவும் முடியவில்லை. கயிற்றை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

“கடைசியாக ஒன்று” என்றார் பார்த்தசாரதி. “இந்த ஊர் மக்கள் இதை விரும்பவில்லை. இது என் சொந்தக் கருத்து இல்லை. பேனரைப் பாருங்கள். இவர்கள் எல்லாரும் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். இவர்களைக் கேட்டுப் பாருங்கள்.”

“கேக்கலாமா?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கன்னியம்மா வந்து நின்றிருந்தாள். இடுப்பில் காலி மீன் கூடை. கோவளத்திலிருந்து நேராக வந்த வேர்வை. அவள் பார்த்தசாரதியைப் பார்க்கவில்லை. பேனரின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுராயா கண்ணை மூடிக்கொண்டாள்.

“கேளு சார். நீயே கேளு. அதோ, கடைசியில சிரிச்சிகினு கீறாரே, அவரக் கேளு. எம் புருசன்தான். போன வருசம் மண்ணுல வச்சிட்டு வந்தோம். உன்கிட்ட எப்ப சார் வந்து ஆதரவு சொன்னாரு? என்கிட்ட ஒரு தபாகூட வரலியே.”

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு மைதானமே சிரித்தது. கன்னியம்மா சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கிப்போனது.

“என் படமும் கீது!” என்று எழுந்தார் வலைக்கடை பெஞ்சமின். “இன்னா சார் இது? என் பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்த படம். பக்கத்துல எம் பொண்டாட்டி தோள்கூடத் தெரியுது பாரு!”

பார்த்தசாரதியின் முகம் சிவந்தது. “இல்லை, பிரிண்ட் பண்ணினவர்... அந்த பாய்... எங்கே அவர்?”

அந்த பாய் பள்ளிவாசலில், முன்வரிசையில் இருந்தார்.

ஜன்னாவிடம்தான் மைக் இருந்தது. பேசாமல் இருந்துவிடலாம். சிரிப்பு இவர்கள் பக்கம்தான் இருந்தது. பேசாதே, பேசாதே என்று சுராயா மனதுக்குள் கத்தினாள்.

“அத அடிச்சது எங்க அத்தா” என்றாள் ஜன்னா. “சார் மூஞ்சிதான் கேட்டாரு. யார் மூஞ்சின்னு பாக்காம எடுத்துப் போட்டது எங்க வீட்டுத் தப்பு. மன்னிச்சிருங்க அக்கா.”

கன்னியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உங்கப்பனுக்கு அப்பால கீது. வூட்டுக்கு வந்து வச்சிக்கிறேன்.” கூடையைக் கீழே வைத்தாள். “இந்தாங்க, எல்லாரும் கேட்டுக்குங்க. இந்தப் பொண்ணு என் வாசல்ல வந்து எத்தினி தபா குந்திகினு இருந்துச்சு தெரியுமா? வூடு கட்டினா உங்க சாக்கடை எங்க முகத்துவாரத்துக்கு வரும்னு சண்ட போட்டேன். மறுநாளு திரும்பியும் வந்துச்சு. கொழா எங்க போவும், தண்ணி எங்க போவும்னு தரையில கோடு போட்டுக் காட்டிச்சு. நான் சரின்னு சொல்லல. இன்னிக்கு வரைக்கும் சொல்லல. ஆனா அது கேட்டுச்சு. நீ கேக்காமயே சார், செத்தவன இட்டாந்து நிறுத்திகின. நான் கை தூக்கறேன், போ.”

தூக்கினாள். குப்பத்துப் பெண்கள் தூக்கினார்கள். மாதா கோயில் பக்கத்திலிருந்து கைகள் எழுந்தன. பள்ளிவாசல் பக்கத்து ஆண்கள் பாங்குக்கு முந்திக்கொண்டு அவசரமாகத் தூக்கினார்கள்.

மோகன் இன்னும் பேனரையே பார்த்துக்கொண்டிருந்தார். வலைக்கடைக்காரருக்கும் செத்துப்போனவருக்கும் நடுவில் தன் முகம், அதுவும் தபால்தலை அளவில். எந்தப் பேனரிலும் இல்லாமல் இருப்பதைவிட இது பெரிய அவமானம். அவர் ஜன்னாவிடமிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

“என்னைக் கேக்காம என் மூஞ்சியப் போட்டவங்களுக்கு இந்த ஊர் சார்பா வன்மையா கண்டனம்! தீர்மானம் நிறைவேறுது. எங்க தெருவும் சம்மதம்!” கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து, இன்னொரு கைதட்டலுக்குத் தயாரானார். “ஆனா ஒண்ணு. நம்ம ஊர் நிலம். நம்ம ஊர் தண்ணி. அதனால நம்ம ஊர் வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கறவங்களுக்கு மட்டும்தான் வீடு. அசலூர்க்காரங்களுக்குக் கெடையாது. இதையும் தீர்மானத்துல எழுதுங்க!”

இந்தக் கைதட்டல் முந்தையதைவிடப் பெரியது.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் யாரும் கைதட்டவில்லை. ஷபானா சுராயாவின் முழங்கையைப் பிடித்தாள். “இன்னாக்கா சொல்றாரு? நம்மளா அசலூரு? என் புள்ள இந்த ஸ்கூல்லதான் அஞ்சாவது படிக்குது.”

ஃபாதர் ஏசுதாஸ் எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தார். சத்தத்தில் கேட்கவில்லை.

அப்போது தலைவர் ஸ்ரீதேவி, கணவர் கையிலிருந்த மைக்கைத் தன் பக்கம் வளைத்துக்கொண்டார். அன்று முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான்.

“செயலாளர் சொல்லட்டும். இதுக்குச் சங்கம் சம்மதமா? இல்லன்னா தீர்மானத்த அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கலாம்.”

அடுத்த கூட்டம் ஆகஸ்டில். அதற்குள் ஃபாதரின் மேலிடம் மனம் மாறலாம். பேனரில் வேறு முகங்கள் வரலாம். இன்றைக்குத் தூக்கிய கைகள் இன்னொரு முறை தூக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? சங்கத்தில் பாதிப் பேருக்கு இந்த ஊரில் ஓட்டு இருக்கிறது. அவர்கள் முன்வரிசையில் ஜன்னாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜன்னா கயிற்றின் பக்கம் திரும்புவாள் என்று சுராயா காத்திருந்தாள். ஒரு பார்வை போதும், தலையை ஆட்டிவிடலாம் என்று.

ஜன்னா திரும்பவில்லை. திரும்பினால் சொல்ல முடியாது என்பது போல, மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“சம்மதம்.”

*

தீர்மானத்தில் கையெழுத்தெல்லாம் முடிந்து தாயும் மகளும் வீட்டுக்குத் திரும்பும்போது ஜும்மாவும் முடிந்திருந்தது. பள்ளிவாசல் திருப்பத்தில், வெள்ளைத் தொப்பியோடு சுபஹான் வேகவேகமாக வந்து சேர்ந்துகொண்டார்.

“தெருவெல்லாம் ஒரே பேச்சு. தீர்மானம் பாஸாமே! சின்னையன் அண்ணாத்தயாலதான் ஆச்சாமே! பாத்தியா சுராயா, எது எதுக்கு ஆவும்னு...”

“ஆயிடுச்சு” என்றாள் சுராயா. “எல்லாருக்கும் வூடு. நம்ம மாதிரி ஆளுங்களத் தவிர.”

சுபஹான் நின்றுவிட்டார். ஷபானாவுக்கும் இல்லை, ஆட்டோக்கார விஷாலுக்கும் இல்லை, சங்கத்தை ஆரம்பித்த குடும்பத்துக்கே இல்லை என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் தொப்பியைக் கழற்றி, மடித்து, பையில் வைத்து, திரும்ப எடுத்துப் போட்டுக்கொண்டார்.

“என்மேல கோவமாம்மா?” என்றாள் ஜன்னா.

“கோவம் இல்லடீ. எரியுது. உன்மேல இல்ல, உங்கத்தாமேலகூட இல்ல. இத்தன நாளு ஊர் ஊரா சம்மதம் கேட்டுகினு அலஞ்சியே, அந்தச் சம்மதத்துல நம்ம பேரு எங்கயும் இல்லையேன்னு எரியுது.”

“ஓட்ட இங்க மாத்திட்டா நாமளும் பட்டியல்ல வந்துடுவோம். ஷபானா அக்காவும் வரலாம். எல்லாரும் வரலாம். வீடு ஒதுக்கறதுக்குள்ள மாத்திட்டாப் போதும்.”

“மாத்த இன்னா வேணும்?”

ஜன்னா நடையைத் தளர்த்தினாள்.

“இந்த ஊர்ல குடியிருக்கோம்னு அத்தாட்சி வேணும். வாடகை ஒப்பந்தம். வீட்டுக்காரர் கையெழுத்து.”

மூன்று பேரும் ஒரே நேரத்தில் நின்றார்கள். கன்னியம்மாவும் பெஞ்சமினும் கேட்ட அந்த நிமிடத்தில் பார்த்தசாரதியின் முகம் எப்படிப் போயிற்று என்பது இரண்டு பேருக்குத் தெரியும். பார்க்காத மூன்றாவது ஆளும் அவர்கள் முகத்திலேயே அதைப் பார்த்துவிட்டார்.

சுபஹானின் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, நெருப்பைத் தொட்டவர் போல மனைவி பக்கம் நீட்டினார்.

“சாருதான். நீ பேசேன். நான் ஜும்மாவுக்குப் போயிருக்கேன்னு சொல்லு.”

“ஜும்மா முடிஞ்சிதான் வந்துட்டீங்களே!”

“அப்ப ஆஸ்பத்திரி.”

இத்தனை வருடத்தில் வீட்டுக்காரர்களிடம் பேசுவது எப்போதும் அவர்தான். கெஞ்சுவதும் பொய் சொல்வதும் அவர்தான். ஒவ்வொரு தடவையும் காலி செய்கிற தேதி மட்டும்தான் வீட்டுக்குள் வந்து சேரும். சுராயா ஃபோனைப் பிடுங்கிக் காதில் வைத்தாள். சாவியைப் பற்றித்தான் பேசுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பின்னணியில் ஒரு நாய் குலைத்தது.

“சுராயாம்மாவா? நல்லதாப் போச்சு, பாய்கிட்டக் குடுக்காதீங்க” என்றார் பார்த்தசாரதி. கூட்டத்தில் பேசிய குரல் இல்லை அது. “காலைல பஸ் ஸ்டாப்ல ஏதோ சொல்ல வந்தீங்க. நான் சொல்ல விடல. இப்ப சொல்லுங்க. நான் குறுக்க பேசல.”

சுராயா மகளைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். காலையில் சொல்ல வந்தது இப்போது எதற்கும் உதவாது. இப்போது கேட்க வேண்டியது வேறு.

“சார்” என்றாள். “ஒண்ணு கேக்கணும்.”